மூச்சுக்குழாய்க்கு முன் கேட்ட கேள்வி

எனக்கு யாரையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை. எடை போடுகிறவன் தராசைத் தொட்டால் நான் அவன் சுண்டுவிரலைப் பார்ப்பேன். மாத்திரை வாங்கினால் அட்டையைத் திருப்பித் தேதி பார்ப்பேன். தேதி சரியாக இருந்தால், அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்களா என்று நகத்தால் சுரண்டுவேன். இப்படிப்பட்ட ஒருவன் ஆஸ்பத்திரியில் ஏழு நாள் கிடந்தால் என்ன பாடு படுவான், மற்றவர்களை என்ன பாடு படுத்துவான் என்பதைத்தான் எழுதப் போகிறேன். என் மேல் தப்பு இருக்கும் இடத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன். வயலுக்கு மருந்தடிக்கிற நாலு பேர் இதைப் படித்தால் போதும்.

எங்கள் ஊர் செந்துறைப் பக்கம். மூன்று ஏக்கர் மானாவாரியில் பருத்தி போட்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கும் என் மனைவி பூங்கோதைக்கும் பெரிய சண்டை. எடுத்த பருத்தியை வீட்டுக்கு வந்த வியாபாரியிடமே போட்டுவிடலாம் என்றாள் அவள். அவன் தராசு சரியில்லை என்றேன் நான். உங்களுக்கு எவன் தராசுதான் சரியாயிருந்திருக்கு என்றாள். வார்த்தை முற்றி, "நான் செத்துத் தொலையிறேன், அப்பறம் நீயே யாவாரம் பண்ணிக்க" என்று வாசலில் நின்று கத்தினேன். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

திங்கள்கிழமை காலையில் வயிறு வலித்தது. முதலில் தொப்புளைச் சுற்றி, அப்புறம் மெதுவாக வலது பக்கம் கீழே இறங்கி, அங்கேயே தங்கிவிட்டது. நான் முதலில் சந்தேகப்பட்டது முதல் நாள் குழம்பை. "எனக்கும் அதே கொழம்புதான், நான் கல்லாட்டம் இருக்கன்ல" என்றாள் பூங்கோதை. சோடா குடித்தேன், ஓமத்தண்ணி குடித்தேன், ஒன்றுக்கும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் நிமிர்ந்து நடக்க முடியாமல் போன பிறகுதான் அரியலூருக்கு ஸ்கேன் எடுக்கப் போனோம்.

ஸ்கேன் சென்டரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் எனக்கு முன்னால் உள்ளே போனார்கள். எழுந்துபோய்ச் சண்டை போடத் தெம்பில்லை. கடைசியில் வயிற்றில் பசையைத் தடவி அழுத்திப் பார்த்த டாக்டர், "குடல்வால் வீங்கியிருக்கு. விட்டா வெடிச்சிரும். இன்னிக்கே பெரம்பலூர் போயிருங்க" என்றார். அங்கே ஓர் ஆஸ்பத்திரியின் பெயரையும் சொன்னார். குடல்வால் என்பது பெருங்குடல் தொடங்குகிற இடத்தில் சுண்டுவிரல் அளவுக்குத் தொங்கும் ஒரு சதை. அது சீழ் பிடித்து உடைந்தால் வயிறு முழுக்கப் பரவி ஆளைக் கொன்றுவிடும். எனக்கு அப்போது தோன்றியதெல்லாம், அந்த ஆஸ்பத்திரியில் இவருக்கு எவ்வளவு கமிஷன் என்பதுதான். வேண்டுமென்றே அவர் சொன்ன ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு வேறொன்றுக்கு வாடகைக் காரில் போனோம். வழியில் மூன்று முறை வாந்தி. பூங்கோதை தன் முந்தானையால் என் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அந்தக் கையைத் தட்டிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொன்னார்கள். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள்.

"வயித்துவலிக்கு நெஞ்சுல எதுக்குப் படம்?" என்று நர்ஸைக் கேட்டேன்.

"மயக்க மருந்து குடுக்கணும்ல, நெஞ்சு தாங்குமான்னு பாக்க வேணாமா?"

"தாங்கலன்னா?"

அந்தப் பெண் பதில் சொல்லாமல் போய்விட்டாள். பதில் சொல்லாமல் போகிறவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்பது என் கட்சி. கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாள் கொடுத்தார்கள். முழுக்கப் படித்தேன். உயிருக்கு ஆபத்து நேரலாம், எனக்குச் சம்மதம் என்று இருந்தது. இதற்கு எவனாவது சம்மதிப்பானா? அரை மணி நேரம் அந்தத் தாளை வைத்துக்கொண்டு கிடந்தேன். வலி தாங்காமல் போட்டுக் கொடுத்தேன்.

பிறகுதான் மயக்க மருந்து டாக்டரம்மா வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் எந்த டாக்டரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அதுவே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. வாயைத் திறக்கச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார், கழுத்தை அண்ணாந்து காட்டச் சொன்னார், எந்தப் பல்லாவது ஆடுகிறதா என்று கேட்டார். மாடு வாங்க வந்தவர் மாதிரி பார்த்தார்.

"குடல்வாலுக்குத் தொண்டைய ஏங்க பாக்குறீங்க?"

"ஐயா, ஆபரேஷன் நடக்குறப்ப நீங்களா மூச்சு விட மாட்டீங்க. வாய் வழியா மூச்சுக்குழாய்க்குள்ள ஒரு டியூப் எறக்கி, மெஷின் வழியா நாங்க மூச்சு குடுப்போம். டியூப் எறங்கணும்னா தொண்டை தளந்து குடுக்கணும். இல்லன்னா இறுக்கிப் பிடிச்சுக்கும், இருமும். தளத்துறதுக்குன்னு மருந்து இருக்கு. அதுல ரெண்டு மூணு தினுசு. உங்களுக்கு எது சரியா வரும்னு பாக்கத்தான் இவ்வளவு கேள்வி."

"எது நல்லதோ அதப் போடுங்க."

"எல்லாமே நல்லதுதான். ஆளப் பொறுத்தது."

ஆளைப் பொறுத்தது என்று சொல்கிறவர்களை நான் எந்தக் காலத்திலும் நம்பியதில்லை. விலை கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். அவர் விடாமல் விளக்கினார். ஒரு மருந்து ஒரு நிமிஷத்துக்குள் வேலை செய்யும், பத்து நிமிஷத்தில் தானாகக் கரைந்துவிடும். இன்னொன்று அதிக நேரம் நிற்கும், அதை முறிக்க வேறொரு மருந்து போட வேண்டும். நான் வாந்தி எடுத்துக்கொண்டே இருப்பதால் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலில் இறங்கிவிடக் கூடாது, அதனால் டியூப் சீக்கிரம் போக வேண்டும், வேகமான மருந்துதான் தோது என்றார்.

"என்ன வெள்ளாமைங்க?" என்றார் அடுத்து.

"பருத்தி."

அவர் பேனா நின்றது. "பூச்சிமருந்து அடிப்பீங்களா? கடைசியா எப்ப அடிச்சீங்க?"

நான் உஷாரானேன். காரணம் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒருவர் மக்காச்சோளத்துக்கு மருந்தடித்துவிட்டுத் தலைசுற்றி விழுந்தார். தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரியில் பதற்றத்தில் 'பூச்சிமருந்து' என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். விஷம் குடித்ததாக எழுதிக்கொண்டார்கள். போலீஸ் வந்தது. வீட்டில் என்ன சண்டை, நீ என்னம்மா சொன்னே என்று அவர் மனைவியை நடுவில் நிறுத்தி விசாரித்தார்கள். அவர் பிழைத்து வந்து வருஷக்கணக்காகிறது, இன்னமும் ஊரில் அவருக்கு 'மருந்து குடிச்சவரு' என்றுதான் பெயர். நானோ ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று செத்துத் தொலைகிறேன் என்று கத்தியவன். தெருவே சாட்சி. இப்போது வாயில் பூச்சிமருந்து என்று வந்தால் பூங்கோதையைப் போலீஸ் விடுமா? இந்தம்மா நைசாகப் பேசி வாயைப் பிடுங்குகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"இல்லீங்க. இந்தத் தடவ அடிக்கவே இல்ல" என்றேன்.

டாக்டரம்மா பூங்கோதையைப் பார்த்தார். "அப்படிங்களாம்மா?"

நான் அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். அவள் ஒரு விநாடி தயங்கிவிட்டு ஆமாம் என்று தலையாட்டினாள்.

"ஏன் கேக்குறேன்னா, ரத்தத்துல ஒரு பொருள் இருக்கு, அதான் இந்த வேகமான மருந்தக் கரைக்கும். பூச்சிமருந்து ஒடம்புல ஏறியிருந்தா…"

"அதான் அடிக்கலங்கிறனே, எத்தன தடவ கேப்பீங்க?" என்று எரிந்து விழுந்தேன். ரத்தம் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே, விஷம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் ரத்தம் எடுத்திருக்கிறார்கள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. தாளில் ஏதோ எழுதிக்கொண்டு எழுந்து போனார்.

நடந்த உண்மை இது. அந்த மாதத்தில் மூன்று முறை மருந்தடித்திருந்தேன். காய்ப்புழு அடங்கவில்லை என்று கடைசி முறை இரண்டு மருந்தைக் கலந்து அடித்தேன். அது வலி வருவதற்கு நாலு நாள் முன்பு. முதுகு டேங்க் ஓட்டை. சட்டை நனைந்து தோலோடு ஒட்டிக்கொண்டது. வாய்க்குத் துண்டுகூடக் கட்டவில்லை. அன்று தலை கனத்தது, வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது, கண் மங்கியது. குளித்துவிட்டுப் படுத்தேன், காலையில் சரியாகிவிட்டது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

மத்தியானம் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். உள்ளே குளிர். மேலே பெரிய விளக்கு. டாக்டரம்மா ஊசிகளை வரிசையாக வைத்திருந்தார், ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருந்தது. எண்ணினேன், ஆறு. மூக்கில் மாஸ்க்கை வைத்து, "நல்லா மூச்ச இழுத்து விடுங்க" என்றார். "எந்த மருந்தப் போடுறீங்க?" என்று மாஸ்க்குக்குள் கேட்டேன். அவருக்குக் கேட்டதோ இல்லையோ. அத்தோடு எனக்கு நினைவில்லை.

அடுத்து நினைவு வந்தபோது முதலில் சத்தம்தான் கேட்டது. பீப் பீப் என்று ஒன்று. யாரோ சக்கரத்தை உருட்டுகிறார்கள். முடிந்துவிட்டது, பிழைத்துவிட்டேன் என்று நினைத்துக் கண்ணைத் திறக்கப் பார்த்தேன். இமை வரவில்லை. கையைத் தூக்கப் பார்த்தேன், கை வரவில்லை. விரல் நுனிகூட அசையவில்லை. தொண்டைக்குள் ஏதோ கிடக்கிறது, இருமலாம் என்றால் இருமல் வரவில்லை. மூச்சை இழுக்கப் பார்த்தேன். இழுக்க முடியவில்லை. ஆனால் நெஞ்சு தானாக ஏறியது, தானாக இறங்கியது. என் நெஞ்சை வேறு யாரோ ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஐயோ, செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். செத்தால் காது கேட்குமா? அப்படியானால் கொன்றுவிட்டார்கள், கொன்றுவிட்டு மூடி மறைக்கிறார்கள். வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. கத்த முடியாத பயம்.

மணிக்கட்டில் யாரோ எதையோ ஒட்டினார்கள். சுருக் சுருக் என்று கரண்டு பாய்ந்தது. "வெரல் அசையவே இல்லயே" என்றது டாக்டரம்மாவின் குரல். "மருந்து போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ரொம்ப நேரம் நிக்கிற அந்த ரெண்டாவது மருந்தே நான் குடுக்கல. அவங்க வூட்டுக்காரம்மா வந்துட்டாங்களா?"

செருப்பில்லாத கால் சத்தம் பக்கத்தில் வந்து நின்றது. பூங்கோதை மூச்சு விடுகிற சத்தம் எனக்குத் தெரியும்.

"அம்மா, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு. ஆனா டியூப் போட நான் குடுத்த மருந்து பத்து நிமிஷத்துல எறங்கியிருக்கணும், எறங்கல. அவரால தானா மூச்சு விட முடியல. உண்மையச் சொல்லுங்க, பூச்சிமருந்து அடிச்சாரா?"

சொல்லாதேடி, சொல்லாதே, உன்னைத்தான் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று உள்ளுக்குள் அலறினேன். என் வாயில் டியூப். கண் காட்ட இமை இல்லை.

"அடிச்சாருங்க" என்றாள். அழுதாள். "மூணு வாட்டி அடிச்சாரு. கடைசியா போன வியாழக்கெழம. டேங்கு ஒழுகி முதுகெல்லாம் நனஞ்சு வந்தாரு. நான்தாங்க சட்டைய அலசுனேன். போலீசு வந்தாலும் வரட்டும், என்னைக் கூட்டிட்டுப் போனாலும் போவட்டும். எங்க வூட்டுக்காரர மூச்சு விட வைங்க."

பீப் பீப் என்ற சத்தம் தடதடவென்று ஓடியது. அது என் இதயம்தான்.

"இருங்க, இருங்க" என்றார் டாக்டரம்மா. "நாடி ஏறுது. அவரு முழிச்சிருக்காரு, காது கேக்குது அவருக்கு." அவர் குரல் என் காதோரம் வந்தது. "ஐயா, பயப்படாதீங்க. நீங்க உயிரோட இருக்கீங்க. கை கால் அசையாது, அது நான் போட்ட மருந்து. தானா எறங்கிடும், கொஞ்சம் நேரம் ஆகும். நீங்க மூச்சு விட முயற்சி பண்ண வேணாம், மெஷின் பாத்துக்கும். இப்ப தூங்க வைக்கிறேன்."

நம்புவதைத் தவிர அப்போது எனக்கு வேறு வழி இருக்கவில்லை. ஒரு கை என் நெற்றியில் வந்து படிந்தது. பூண்டும் சோப்பும் கலந்த வாசனை. அதை இந்தத் தடவை தட்டிவிட முடியவில்லை, தட்டிவிடவும் தோன்றவில்லை. தூங்கிப்போனேன்.

மறுபடி விழித்தது சாயங்காலம், ஐசியூவில். இமை திறந்தது. டியூப் இன்னும் இருந்தது. "தலையத் தூக்குங்க, அஞ்சு எண்ணுற வரைக்கும் எறக்காதீங்க" என்றார் டாக்டரம்மா. தூக்கினேன். ஐந்து எண்ணினார், நான் பிடிவாதமாகப் பத்து வரை வைத்திருந்தேன். டியூபை உருவினார்கள். தொண்டை ரணமாக இருந்தது. தண்ணீர் கொடுக்கக் கூடாது என்றதால் பூங்கோதை பஞ்சை நனைத்து என் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த இரண்டு நாளும் போலீசுக்காகக் காத்திருந்தேன். காக்கிச்சட்டை போட்ட எவரைப் பார்த்தாலும் போர்வையை இழுத்து மூடினேன். ஒருவர் ஆம்புலன்ஸ் டிரைவர், இன்னொருவர் லிஃப்ட் ஆபரேட்டர். மூன்றாம் நாள் வார்டுக்கு வந்த டாக்டரம்மா மறுபடியும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏன் பொய் சொன்னீங்கன்னு நான் கேக்கப் போறதில்ல. எதுக்குப் பயந்தீங்க?"

தெருக்காரர் கதையையும் ஞாயிற்றுக்கிழமைச் சண்டையையும் சொன்னேன். அவர், "ஏன் கேக்குறேங்கிறத மொதல்ல சொல்லிட்டு அப்பறம் கேட்டிருக்கணும். அவசரத்துல விட்டுட்டேன்" என்றார். தன் பங்குக்குத் தப்பை எடுத்துக்கொள்கிற டாக்டரை நான் பார்த்ததில்லை. இதில் என்ன உள்நோக்கம் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

என் கேஸ் ஷீட்டில் 'வயல் வேலையாக மருந்து தெளித்தவர்' என்றுதான் எழுதியிருக்கிறது, விஷம் என்று எங்கேயும் இல்லை என்று காட்டினார். அது இங்கிலீஷில் இருந்தது. அவர் போன பிறகு ஒரு நர்ஸிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். சாயங்காலம் வேறொரு நர்ஸிடம் கொடுத்தும் படிக்கச் சொன்னேன். இரண்டு பேரும் ஒன்றையே சொன்னார்கள்.

திருச்சிக்கு அனுப்பிய ரத்தப் பரிசோதனையில் அந்தப் பொருள் மிகவும் குறைந்திருந்தது. உடம்பு அதை மறுபடி உண்டாக்கிக்கொள்ளும், சில வாரம் ஆகும், அதுவரை மருந்தடிக்கிற பக்கமே போகக் கூடாது, பிறகு இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். அந்த இன்னொரு மருந்தைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் அதுவும் சீக்கிரம் வேலை செய்யும், டியூப் போயிருக்கும், முடிந்ததும் முறித்துவிட்டு எழுப்பியிருப்பேன் என்றார். அவ்வளவுதான். ஒரு வார்த்தைக்குத்தான் அத்தனை பாடு.

ஆறாம் நாள் திருமானூரிலிருந்து பூங்கோதையின் தம்பி ராசேந்திரன் வந்தான். ஆரஞ்சுப் பழப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்தான்.

"மாமா, ஊருல ஒரு மாதிரி பேசிக்கிறாங்க. அக்காகூட சண்ட போட்டுட்டு மருந்தக் குடிச்சிட்டீங்களாமே. மெஷின்ல வச்சிருந்தாங்களாமே. எதுக்கு மாமா இப்புடிப் பண்ணீங்க?"

அடப்பாவி! எதற்குப் பயந்து பொய் சொன்னேனோ அது எனக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. குடல்வாலைச் சொன்னேன், டியூபைச் சொன்னேன், தொண்டையைத் தளர்த்துகிற இரண்டு மருந்தையும் சொன்னேன், தையலைத் திறந்து காட்டினேன். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். "சரி மாமா, சரி. நான் யாருகிட்டயும் சொல்லல" என்றான். ஒரு வார்த்தைகூட நம்பவில்லை. அவன் முகத்தில் இருந்தது என் முகம்தான். நான் மற்றவர்களைப் பார்க்கிற பார்வை எதிரில் உட்கார்ந்தவனுக்கு எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

அவன் போன பிறகு எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "யாரு போயி சொன்னது? ஊருக்குப் போன் போட்டது யாரு? நீயா?" என்று பூங்கோதையிடம் பாய்ந்தேன்.

அவள் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"ஊரு எதையாச்சும் பேசிட்டுப் போவட்டும். நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. அன்னிக்கு உள்ள கூப்புட்டாங்கல்ல, உங்க நெஞ்ச மெஷின் ஏத்துனா ஏறுச்சு, எறக்குனா எறங்குச்சு. நீங்க பொய் சொன்னீங்க, உங்களுக்குத் தெரிஞ்சு சொன்னீங்க. நான் எதுக்குத் தலையாட்டுனேன்? உங்க சட்டைய அலசுனவ நானு. எனக்குத் தெரியும்ல? நீங்க போயிச் சேந்திருந்தா ஊரு நீங்க மருந்து குடிச்சதாப் பேசும். எனக்கு மட்டுந்தான் தெரியும், நான் தலையாட்டுனதாலதான் செத்தீங்கன்னு. அத வச்சிக்கிட்டு நான் எத்தன வருசம் இருந்திருக்கணும்?"

நானோ அவளைப் போலீசிடமிருந்து காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இனிமே எனக்குக் கண்ணக் காட்டாதீங்க" என்றாள். "உங்களுக்காக ஒரு பொய்யும் நான் சொல்ல மாட்டேன்."

"சரி. இனிமே சொல்லச் சொல்ல மாட்டேன்" என்றேன்.

பூங்கோதை சுளையைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். அவள் என்னை நம்பவில்லை.